பச்சையம்மா பார்த்து எடுத்த கிளி

நெட்டுக்குப்பத்தில் மீன் விஷயத்தில் பச்சையம்மாவை யாரும் ஏமாற்றியதில்லை. முயன்றவர்கள் உண்டு. அவர்கள் இரண்டாவது தடவை முயலவில்லை. மற்றவர்கள் செவுளைத் தூக்கி, வயிற்றை அழுத்தி, முகர்ந்து பார்த்துச் சொல்வதை அவள் இரண்டடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள்: எது இன்றைக்குக் கரை ஏறியது, எது நேற்று முழுக்க ஐஸில் படுத்துக் கிடந்தது என்று. விடியற்காலையில் ஏலத்தில் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றி, திருவொற்றியூர் தேரடிப் பக்கத்துத் தெருக்களில் விற்றுவிட்டு மத்தியானம் வீடு திரும்புவாள். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து இதுதான் பிழைப்பு.

அவளால் கணிக்க முடியாத ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது அவள் புருஷன் தேசப்பன்.

பைபர் போட்டில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது தேசப்பனுக்கு நெஞ்சு அடைத்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், கடைக்குப் போகலாம், உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை விடக் கூடாது, கடலுக்கு மட்டும் போகவே கூடாது என்று டாக்டர் சொன்னார். தேசப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்குச் செலவில்லாத வேலை.

ஒரு மாசம் ஒழுங்காக இருந்தார். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் பச்சையம்மா வீட்டுக்கு வந்தபோது அடுப்பங்கரையில் கிழங்கா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஏலத்தில் கிழங்காவே வரவில்லை. அவள் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தாள். பிடித்து மூன்று மணி நேரம்கூட ஆகாத மீன். புருஷன் கூட்டாளி கன்னியப்பனோடு போட்டில் போயிருக்கிறார் என்பதை மீன்தான் காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது தடவை காட்டிக்கொடுக்க மீன் தேவைப்படவில்லை. வலைக் குவியல்மேல் படுக்க வைத்துத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். வேர்த்து, உதடு வெளுத்து, வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் அவரைத் திட்டுவதற்குப் பதில் பச்சையம்மாவைத் திட்டினார். மூன்றாவது தடவை என்று ஒன்று நடந்தால் இங்கே தூக்கிக்கொண்டு வரும் சிரமம்கூட உங்களுக்கு இருக்காது என்றார்.

அதன்பிறகு அவளுக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. தேரடியில் உட்கார்ந்து வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் கத்தி நின்றுவிடும். மகன் வெற்றி துறைமுகத்தில் வெல்டிங் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவான். மருமகள் ஜோதிகா மருந்துக் கடையில் பில் போடுகிறாள். பேத்தி சங்கமித்ராவுக்குப் பள்ளிக்கூடம். ஆக, காலையிலிருந்து மத்தியானம் வரை வீட்டில் அந்த மனுஷன் ஒற்றை ஆள். வாசலில் நாற்காலி போட்டால் எதிரே முகத்துவாரம். ஒவ்வொரு போட்டாகப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். குடிகாரனைச் சாராயக் கடைக்கு எதிரில் உட்கார வைத்துவிட்டுக் குடிக்காதே என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

"மாமாவுக்கு ஒடம்பு சரியாயிடுச்சு அத்த. வேலதான் இல்ல" என்றாள் ஜோதிகா. அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் பில் போட்ட மாதிரி சரியாக இருக்கும்.

நோயாளியைப் படுக்க வைப்பது சுலபம். தேறியவரை உட்கார வைப்பதுதான் கஷ்டம். டிவி அவருக்குப் பிடிக்காது. சீட்டு விளையாடும் இடத்தில் சண்டை வரும். கடை வைத்துக்கொடுத்தால் கேட்டவனுக்கெல்லாம் கடன் கொடுப்பார்.

அப்போதுதான் சங்கமித்ரா, கூடப் படிக்கும் பிள்ளை வீட்டில் கிளி இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்று ஆரம்பித்தாள். "இந்த வூட்ல கீற வாய்ங்க போதாதா?" என்று பச்சையம்மா முதலில் அடக்கினாள். மறுநாள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது வழக்கம்போலப் பூனைகள் சுற்றி வந்து உட்கார்ந்தன. குப்பத்தில் ஆளைவிடப் பூனை அதிகம். அவற்றைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை ஓடியது. நாய் வாங்கினால் அதையும் போட்டில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பூனைக்கு யாரும் தேவையில்லை. கோழி தன் பாட்டுக்கு மேயும். கூண்டுப் பறவையோ கடலுக்குப் போகாது. இத்தனை பூனைக்கு நடுவே அதைத் தனியாகவும் விட முடியாது. யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

அந்த யாராவது யார் என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் அவள் சொல்லவில்லை. மருமகளிடம் மட்டும், "கிளி ஒண்ணு வாங்கலாம், நல்ல பச்சையா, செவப்பு மூக்கு வச்சதா" என்றாள்.

"பச்சக்கிளி கூடாது அத்த. ஃபாரஸ்ட்காரங்க புடிச்சிகினு போய் கேஸ் போட்டுடுவாங்க. வெளிநாட்டு ஜாதின்னா வளக்கலாம். அதுலயும் சிலதுக்குப் பதிவு பண்ணணுமாம்."

"நம்மூரு கிளிய வளத்தா கேஸு, ஃபாரின் கிளிய வளத்தா கேஸு இல்ல. நல்லா கீதுடி நாயம்."

திருவொற்றியூரில் அவள் மீன் கொடுக்கும் வீடுகளில் பிராங்கிளின் வீடும் ஒன்று. நாசரேத் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா காலத்தில் மாட்டுத் தீவனக் கடை. இப்போது அதே கடையில் பறவைகளும் கூண்டுகளும் மீன் தொட்டிகளும். ஞாயிற்றுக்கிழமை சங்கமித்ராவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

பிராங்கிளின் உடனே விலை சொல்கிறவர் இல்லை. பெண் பார்க்க வந்தவர் மாதிரி கேள்வி கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார், யாருக்காவது இளைப்பு உண்டா, அடுப்பங்கரைக்குக் கதவு உண்டா, சின்னப் பிள்ளை அடிக்குமா, பூனை வருமா.

"எங்க வூட்டுக்காரர் இருப்பாரு. இளைப்பு இல்ல, நெஞ்சுல கம்பி வச்சிகிறாரு. இவ அடிக்க மாட்டா, வாய்தான். பூனையக் கணக்கே எடுக்க முடியாது."

"சரிக்கா. அப்ப இது உங்களுக்கு ஆகாது" என்று அவர் காட்டிய கூண்டில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கன்யூர் கிளி இருந்தது. அது ஒரு சத்தம் போட்டது. சங்கமித்ரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஒட்டினாப்புல வீடு இருக்கும் தெருவுல இத வச்சா பக்கத்து வீட்டுக்காரன் மண்டையப் பொளந்துருவான். அந்தா, அந்தப் பெரிய சாம்பல் கிளி நல்லாப் பேசும். ஆனா நாப்பது, அம்பது வருசம் இருக்கும். நீங்க பேத்திக்கு எழுதி வச்சிட்டுத்தான் போவணும்."

லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்கலாமே என்று பச்சையம்மா கேட்டாள். பிராங்கிளின், ஜோடியாக இருந்தால் அது இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், மனுஷனைத் திரும்பிப் பார்க்காது என்றார். அவளுக்கு அது ஆகாது. திரும்பிப் பார்க்கிற பறவைதான் வேண்டும்.

"அப்ப காக்டெயில் கிளி எடுங்க. கையால ஊட்டி வளத்த குஞ்சு, ஒத்தையா. விசில் அடிக்கும், தோள்ல உக்காரும். ஆனா பகல்ல ஆள் கூடவே இருக்கணும். இல்லைன்னா ஏங்கிப் போவும்."

ஏங்கிப் போகும் என்ற சொல்லிலேயே வியாபாரம் முடிந்தது. ஒரு கூண்டில் ஐந்து குஞ்சுகள் இருந்தன. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. நான்கு குஞ்சுகள் கம்பியைக் கடித்துக்கொண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் இருந்தன. ஐந்தாவது மூலையில் பந்து மாதிரி உருண்டு உட்கார்ந்திருந்தது. பச்சையம்மா இரண்டடி தள்ளி நின்று ஒரே பார்வையில் முடிவு செய்தாள்.

"அந்தக் கொழுத்தத குடு."

"அது வேண்டாம்க்கா. வேற எதையும் எடுங்க."

நாற்பது வருஷ ஏலத்தில் ஒரு பாடம் அவள் எலும்பில் இறங்கியிருந்தது. விற்கிறவன் எதை வேண்டாம் என்கிறானோ, அதை வேறு ஆளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான். நல்ல கொடுவாவை ஈரச் சாக்கின் அடியில் தள்ளிவிட்டு, அது அடிபட்டது அக்கா என்பார்கள்.

"அத யாருக்கு வச்சினுகீற? எனுக்கு மட்டும் எலும்பும் தோலுமா துள்ளிகினு கீறதக் குடுப்பியா?"

"யாருக்கும் வைக்கலக்கா. அது ரெண்டு நாளா அசையவே மாட்டேங்குது. பாத்துட்டுத் தாரேன், அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் வந்தா வித்துப்போச்சும்ப. என்னான்ட இந்த வேலையெல்லாம் வச்சுக்காத நைனா. எத்தினி வருசமா உன் வூட்டுக்கு மீன் போடுறேன்?"

பிராங்கிளின் அரை மணி நேரம் மன்றாடினார். கடைசியில் கூண்டோடு கொடுத்து, எதுவானாலும் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். தீவனத்தோடு ஒரு வெள்ளை ஓட்டையும் பொட்டலம் கட்டினார். அது கணவா ஓடு. பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து, கடித்துத் தின்னும் என்றார். வாரம் ஒரு கூடை கணவா ஓட்டைக் குப்பையில் கொட்டுகிறவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொட்டலத்திலிருந்து எடுத்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் தேசப்பன் கூண்டை ஒரு தடவை பார்த்தார். "இன்னாமே இது, கொண்ட வச்ச காக்கா?"

"கிளிதான்யா. ஃபாரினு. நீதான் பாத்துக்கணும்."

"எனுக்கு வேற வேல இல்லியா?"

இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் பச்சையம்மா கூடையைத் தூக்கும் நேரத்தில், உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார். பறவை கம்பியை விட்டுக் கூண்டின் தரையில் இறங்கி உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. தேசப்பன் முட்டியில் கைவைத்துக் குனிந்து அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது.

"இதுக்கு மூச்சு வாங்குதுமே" என்றார். மூச்சு வாங்குவது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பச்சையம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டுப் பிராங்கிளினிடம் போய் நின்றாள். அவர் கோபப்படவில்லை. "பறவைக்குச் சீக்கு வந்தா எறக உப்பிக்கிட்டு உக்காரும்க்கா. குளிரு தாங்காம. பாக்க குண்டாத் தெரியும். உள்ள ஒண்ணும் இருக்காது. துள்ளுறதுதான் நல்லாருக்குன்னு அர்த்தம்."

மீனுக்கு எல்லாம் நேர்மாறு. ஆடாமல் அசையாமல் கெட்டியாக, உருண்டு திரண்டு கிடப்பதுதான் நல்ல மீன். முதல் தடவையாக அவள் தேர்வு தோற்றிருந்தது, அதுவும் காசு கொடுத்தவளைவிட விற்றவன் அதிகம் கெஞ்சிய பிறகு. "வேணாம்னா குடுக்காம இருந்திருக்கணும் நீ" என்றாள்.

பிராங்கிளின், துள்ளுகிற குஞ்சு ஒன்றை மாற்றித் தருகிறேன், சீக்குப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்றார். அதை எடுக்க அவள் வீட்டுக்குத் திரும்பியபோது, கூண்டு அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, மூலையில் இருந்தது. மூன்று பக்கமும் பழைய போர்வை. நான்காவது பக்கம் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த அவருடைய நாற்காலி உள்ளே வந்திருந்தது. ஜோதிகா வேலைக்குப் போகும் முன் போனில் பார்த்துச் சொன்னாளாம், சூடு வேண்டும் என்று.

"குடுய்யா, மாத்திகினு வரேன். வேற நல்லதா தராங்களாம்."

தேசப்பன் கூண்டுக்கு முன்னாலிருந்து நகரவில்லை. "மூச்சு வாங்குச்சுன்னா கொண்டுபோய் மாத்திகினு வந்துடுவியா?"

"பின்ன?"

"அப்டின்னா என்னிய ஆஸ்பத்திரியிலயே மாத்தியிருக்கணும் நீ."

"கேட்டேன்யா. ஸ்டாக் இல்லன்னுட்டாங்க."

அவர் சிரித்தார். நெஞ்சு அடைத்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. பிராங்கிளினுக்குப் போன் போட்டு, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானமே ஜோதிகா அரை நாள் லீவு போட்டு வந்து, மாமனாரையும் கூண்டையும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதினார். காலையும் மாலையும் கொடுக்க வேண்டும். தானாகத் தின்னும் வரை கூழ் மாதிரி கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். தினமும் எடை பார்க்க வேண்டும். புகை கூடவே கூடாது. பறவையின் சீக்கு மனுஷருக்கும் ஒட்டலாம், அதனால் கூண்டைத் துடைக்கும்போது மாஸ்க், துடைத்த பிறகு சோப்பு, குழந்தை கிட்டே வரக் கூடாது. தேசப்பன் தலையாட்டினார்.

இந்தத் தடவை தலையாட்டியதைச் செய்தார். பச்சையம்மா வியாபாரத்துக்குக் கிளம்பும் முன் அவளுடைய மீன் தராசை வாங்கி, சோப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மேலே பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, அதில் பறவையை இறக்குவார். கிலோக் கணக்கில் வஞ்சிரம் நிறுத்த தராசு, ஒரு கைப்பிடி இறகுக்கு முன்னால் எண்ணைக் காட்டத் தயங்கும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார். "நீ மூச்சு வுடுய்யா, அதுதான் முக்கியம்" என்பாள் அவள்.

ஊட்டுவது அவருக்கு வரவில்லை. வலை பின்னும் கை. பிடித்தால் இறுக்கிப் பிடிக்கும். பச்சையம்மா சொல்லிக்கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவருக்குக் கஞ்சி ஊட்டிய மாதிரிதான்: தலையைக் கொஞ்சம் தூக்கி, ஓரமாக விட்டு, விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் புரையேறும். வாயைத் துடைக்காமல் விடக் கூடாது. காய்ந்தால் புண்ணாகும். அவர் கேட்டுக்கொண்டார். "எனுக்கு நீ இவ்ளோ பொறுமையா ஊட்டுனதா ஞாபகம் இல்லியே" என்றார்.

"நீ கடிச்ச."

பக்கத்து வீட்டு அன்புக்கரசி வந்து பார்த்துவிட்டு, அழகான பறவை, யார் கண்ணோ பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை பச்சையம்மா காய்ந்த மிளகாயும் உப்புமாகச் சுத்திப் போட நெருப்புச் சட்டியோடு வந்தாள். தேசப்பன் கூண்டை மறைத்து நின்றார். "பொக ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லல? போமே அந்தாண்ட." அவள் சட்டியோடு தெருவுக்குப் போய், வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டுவிட்டு வந்தாள். அன்புக்கரசி வீட்டுக்குள்தான் நெடி ஏறியது.

அந்த நாட்களில் கன்னியப்பன் போன் அடித்தால் தேசப்பன் எடுப்பதில்லை. கையில் சிரிஞ்ச் இருக்கும். தேரடியில் பச்சையம்மாவின் கத்தி மறுபடி ஒழுங்காக ஓடியது. ஆனால் தராசில் எண் ஏற ஏற அவளுக்கு வேறொரு கவலை வந்தது. பறவை தேறிவிட்டால் என்ன செய்வது? தேறாமல் இப்படியே கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டிருந்தால் தேவலை என்று ஒரு தடவை தோன்றிவிட்டது. தோன்றியதற்குத் தன்னையே நல்ல வார்த்தைகளில் திட்டிக்கொண்டாள். நோய் பார்க்கிறவளுக்கு அந்த எண்ணம் வரக் கூடாது. ஆனால் வந்தது.

பறவை தேறியது. உப்பிய இறகு படிந்ததும் பாதி உருவம்தான் மிஞ்சியது. கொண்டை நிமிர்ந்தது. தினையைக் கொறித்து வீடெல்லாம் உமி இறைத்தது. பச்சையம்மா கொண்டுவந்த கணவா ஓட்டைக் கரகரவென்று கடித்தது. தேசப்பன் போடும் விசிலை, போட்டுக்கு வழி கேட்டு அடிக்கும் அந்த நீள விசிலை, ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டது. அவர் குளிக்கப் போனால்கூடத் தெருவே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டது. சங்கமித்ரா அதற்கு ஒரு பெயர் வைத்தாள். தேசப்பன் வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது இரண்டுக்கும் வந்தது.

ஒரு நாள் விடியற்காலையில், முகத்துவாரத்தில் இறால் ஓடுகிறது என்று குப்பமே கிளம்பிக்கொண்டிருந்தது. பச்சையம்மா கூடையில் ஐஸ் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தபோது கன்னியப்பன் வாசலில் வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. அவள் குழாயடிச் சுவருக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"தேசா, வாய்யா. வல இழுக்க வேணாம். சும்மா வந்து உக்காரு, எங்க ஓடுதுன்னு நீ சொன்னா போதும். ஒரு மணி நேரந்தான்."

போன தடவையும் இதையேதான் சொன்னான். சும்மா உட்கார்ந்திருக்க தேசப்பனுக்குத் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும். பச்சையம்மாவுக்கு வாய் வரை வந்தது. வெளியே போய் நாலு வார்த்தை கேட்டால் கன்னியப்பன் ஓடிவிடுவான். ஆனால் நாளைக்கு அவள் தேரடியில் இருக்கும்போது வருவான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இதை அவள் புருஷன்தான் சொல்ல வேண்டும்.

தேசப்பன் கதவுக்கு வந்தார். தோளில் பறவை இருந்தது. முகத்துவாரத்தை ஒரு தடவை பார்த்தார். நீளமாகவே பார்த்தார்.

"எப்டிய்யா வரது? நா படி எறங்குனா இது கத்தும்."

"கூண்டுல போட்டுட்டு வா. பொஞ்சாதிக்குப் பயப்படாதவன் குருவிக்குப் பயப்படுறியா?"

"பொஞ்சாதி கத்துனா வூட்டோட போவும். இது கத்துனா குப்பம் பூராக் கேக்கும். அப்றம் அந்தப் பூனைங்க வேற." அவர் பறவையை விரலுக்கு மாற்றினார். "இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பாக்கலாம், போ" என்றார்.

கன்னியப்பன் நம்பிக்கையோடு தலையாட்டிக்கொண்டு கரைப் பக்கம் ஓடினான்.

பச்சையம்மா சுவருக்குப் பின்னாலேயே மூச்சை விட்டாள். கன்னியப்பன் அவரோடு கடலில் முப்பது வருஷம் இருந்திருக்கிறான், வீட்டில் இருந்ததில்லை. மழைக்கு ஒழுகும் கூரையை எப்போது மாற்றுவாய் என்று கேட்டால் தேசப்பன் நாளைக்கு என்பார். மாமியார் வீட்டு விசேஷத்துக்கு எப்போது கிளம்பலாம் என்றால் நாளைக்கு என்பார். செய்ய மனமில்லாத காரியத்துக்கு அவர் வைத்திருக்கும் சொல் அது ஒன்றுதான். அந்தச் சொல்லுக்காகக் கல்யாணமான நாளிலிருந்து அவரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

அன்றைக்குப் போடவில்லை. கரையில் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது. இறால் ஓடுகிற நாளில் ஏலத்துக்கு முந்திப் போனால்தான் நல்லது கிடைக்கும். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "மாத்திரயப் போட்டுக்கோய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.